கம்பெனி ஆளல்லாத சாட்சி

குளோரியாவுக்குச் சாட்சிக் கையெழுத்து புதுசு இல்லை. விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு எதிர்வரிசையில் இருபத்திரண்டு வருஷமாக மெழுகுவர்த்தி விற்கிறாள். சொந்தபந்தம் யாரையும் கூட்டிவர முடியாமல் கல்யாணத்துக்கு வந்து நிற்கிற ஜோடி வருஷத்துக்கு ஒன்றிரண்டு இருக்கும். அப்போது கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை வெளியே தலையை நீட்டி, "குளோரியா, கொஞ்சம் உள்ள வந்துட்டுப் போம்மா" என்பார். இவள் கையைத் துடைத்துக்கொண்டு, முக்காடு போட்டுக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். இதுவரை முப்பத்தொரு கல்யாணம். அதில் மூன்று புட்டுக்கொண்டுவிட்டன. அதற்கு அவள் என்ன செய்வாள் பாவம்? ரெண்டு பேரும் சம்மதம் என்று வாய் திறந்து சொன்னதைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். சாட்சியின் வேலை அத்தோடு சரி.

அந்த நினைப்பைத்தான் அவள் மாடிக்கும் கொண்டுபோனாள். வம்பு அங்கே ஆரம்பித்தது.

மாடியில் இருப்பது நகைக்கடன் கம்பெனி. பெயர் எதற்கு, தமிழ்நாட்டிலும் கர்நாடகாவிலுமாக முப்பது நாற்பது கிளை வைத்திருக்கிற சின்னக் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் போகிற படிக்கட்டின் அடியில்தான் குளோரியாவின் கடை. நாலடிக்கு மூணடி இடம். மெழுகுவர்த்தி, மாலை, நேர்ச்சைக்கு மெழுகில் வார்த்த கை, கால், வீடு, தொட்டில் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கிளை மானேஜர் பாலகுமார் தர்மபுரிக்காரர், முப்பத்தைந்து வயசு. தங்கமான மனுஷன்தான், ஆனால் எப்போது பார்த்தாலும் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி ஒரு முகம். ஏப்ரல் மாதம் ஒருநாள் அவர் படியிறங்கி வந்து கடை முன்னால் நின்றார்.

"அக்கா, ஒரு ஒத்தாசை பண்ணணும். நகைக்கடனுக்கு ரிசர்வ் பேங்க் புது ரூல் போட்டிருக்கு. படிக்கத் தெரியாதவங்க கடன் வாங்க வந்தா, கண்டிஷன் எல்லாத்தையும் ஒரு சாட்சிய வெச்சுக்கிட்டுத்தான் விளக்கிச் சொல்லணுமாம். அந்தச் சாட்சி கம்பெனி ஆளா இருக்கக் கூடாதாம்."

"சரி, அதுக்கு நான் என்னா சார் பண்ணணும்?"

"நீங்க கம்பெனி ஆள் இல்லையே. அது போதும்."

தன்னிடம் இல்லாத ஒன்றுக்காகத் தன்னை ஒருத்தர் தேடி வருவது குளோரியாவுக்கு அதுதான் முதல் தடவை. சிரிப்பு வந்தது. "அவ்ளோதானா? கூப்பிடுங்க சார், வர்றேன்" என்றாள்.

கூலி என்று பேச்சு வந்ததும் பாலகுமார் குழம்பிப்போனார். காசு கொடுத்தால் அவள் கம்பெனி ஆள் ஆகிவிடுவாளோ? சரி, டீ வாங்கிக் கொடுத்தால்? ஹெட் ஆபீஸுக்கு மெயில் போட்டுக் கேட்டார். 'நடப்பு விதிமுறைகளைப் பார்க்கவும்' என்று பதில் வந்தது. விதிமுறையை மூன்று தடவை புரட்டினார், டீயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் தன் சொந்தக் காசில் டீ வாங்கிக் கொடுத்தார். அதைக் கொடுக்கும்போதும் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

முதல் வாரம் ஜோராகப் போனது. பாலகுமார் ஒரு தமிழ்த் தாளை எடுத்து வைத்துக்கொண்டு நிறுத்தி நிதானமாகச் சொல்லுவார். ரெண்டரை லட்சத்துக்குள் கடன் என்றால் நகை மதிப்பில் நூற்றுக்கு எண்பத்தைந்து வரைக்கும் தரலாம். அஞ்சு லட்சம் வரை எண்பது, அதற்கு மேலே எழுபத்தைந்து. கடனை அடைத்த அன்றைக்கே நகை திரும்ப வர வேண்டும், மிஞ்சிப் போனால் ஏழு வேலை நாள். கம்பெனி தப்பால் அதற்கும் மேலே இழுத்தடித்தால் நாளுக்கு ஐயாயிரம் ரூபாய் கம்பெனி தர வேண்டும்.

"நாளுக்கு ஐயாயிரமா! அப்ப என் கம்மலையும் இங்கியே வெச்சுடறேன் சார், நீங்க தயவு பண்ணி லேட்டாவே குடுங்க" என்று குளோரியா சொன்னதற்கு, கடன் வாங்க வந்த கொத்தனார் விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டாவது வாரம் தாள் மாறியது. எண்பத்தைந்து என்பது கைக்கு வருகிற பணத்துக்கா, கடைசியில் வட்டியோடு சேர்த்துக் கட்டுகிற பணத்துக்கா என்று ஹெட் ஆபீஸுக்கே சந்தேகம் வந்து, வட்டியோடு சேர்த்துத்தான் என்று புதுத் தாள் அனுப்பியிருந்தார்கள். அதற்கு நாலு நாள் கழித்து இன்னொன்று. பழைய கடனுக்குப் பழைய விதி, புதுக் கடனுக்குப் புது விதி என்றது அது. அப்படியானால் பழைய கடனையே இன்னொரு ஆறு மாதத்துக்கு மாற்றி வைத்தால் அது பழசா, புதுசா? பாலகுமார் மண்டையைச் சொறிந்தார். அதற்குத் தனியாக ஒரு தாள் வரும் என்றார்கள். தாளுக்கு 'ஃபைனல்' என்று பெயர் வைத்தார்கள், அப்புறம் 'ஃபைனல் ரிவைஸ்டு' என்று வைத்தார்கள். அதற்குப் பிறகும் வந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் தேதியைப் போட்டு அனுப்பினார்கள்.

இதில் யாருக்கு என்ன புரிந்தது என்று கேட்டால் பதில் இல்லை. பாலகுமார் படித்தார், வந்தவர்கள் தலையாட்டினார்கள். குளோரியா அவர்களுடைய வாயைத்தான் பார்த்தாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டார்களா? அப்போது கையெழுத்து. கல்யாணத்தில் சாமியார் படிக்கிற மந்திரத்தை யார் வரிக்கு வரி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? சம்மதம் என்ற சொல் காதில் விழுந்தால் போதாதா? அப்படித்தான் அவளுக்கு ஓடியது. ஒரு மாதத்துக்குள் சாட்சி நோட்டில் அவள் கையெழுத்து நாற்பதைத் தாண்டிவிட்டது.

கோமளம் வந்தது ஏப்ரல் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். அடுகோடியில் ஐ.டி. பிள்ளைகள் தங்குகிற ஒரு பிஜியில் பாத்திரம் தேய்க்கிறவள். வியாழன் தவறாமல் கோயில் நவநாள் ஜெபத்துக்கு வந்து குளோரியாவிடம் ரெண்டு மெழுகுவர்த்தி வாங்குவாள், அந்தப் பழக்கம். அவளிடம் இருக்கிற ஒரே தங்கம் மூன்றரைப் பவுன் சங்கிலி. புருஷன் போட்டதில்லை, அம்மா வீட்டில் கொடுத்ததில்லை, பதினொரு வருஷம் சீட்டுக் கட்டி அவளே வாங்கியது. வாடகை வீட்டு அட்வான்ஸுக்காக அதை முன்பே மாடியில் அடகு வைத்திருந்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவாள். வட்டியைக் கடனோடு சேர்த்து மாற்றி எழுதிக் கொடுப்பார்கள். கையிலிருந்து ஒரு பைசா போகாது. கைநாட்டு வைத்துவிட்டு இறங்கிப் போவாள். அன்றைக்கும் அதற்குத்தான் வந்தாள்.

வியாழக்கிழமை என்றால் குளோரியாவுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. சாயங்கால நவநாள் முடிந்து கூட்டம் தெருவெல்லாம் நிரம்பிவிடும், நாலு பக்கமிருந்தும் கை நீளும். அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து, "அக்கா, சாட்சி!" என்று சத்தம் வந்தது. பக்கத்துப் பூக்காரம்மாவிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினாள். போனாள், நோட்டில் கையெழுத்துப் போட்டாள், இறங்கி வந்தாள்.

அதற்கப்புறம் ஏழு மாதம் ஓடிப்போனது.

டிசம்பர் முதல் வாரம், புதன்கிழமை மத்தியானம், கோமளம் கையில் ஒரு கடிதத்தோடு கடை முன்னால் வந்து நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, இத படிச்சுச் சொல்லு. பிஜி பசங்க படிச்சுட்டு ஏலம்னு சொல்றாங்கோ. எனக்கு ஒண்ணியும் புரியல."

கடிதம் தமிழிலேயே இருந்தது. குளோரியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கிலி ஏலத்துக்கு வருகிறது. நாளை மறுநாள்.

"சேசுவே! நீ மாத்தி வெக்கலியா?"

"போன மாசமே வந்தேனே! வட்டி பதினாலாயிரத்து சொச்சம் கையில கட்டு, அப்பத்தான் மாத்த முடியும்னுட்டாரு மானேஜரு. புது ரூலாம். திடீர்னு பதினாலாயிரத்துக்கு நான் எங்க போவேன்? என் சம்பளமே பதினஞ்சு. ஏலத்துல மிச்சம் வர்ற துட்ட குடுப்போம்ங்கறாரு. துட்ட யாருக்கா கேட்டா? சங்கிலி பூடும்ல!" கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தாள். "முன்னாடியே சொல்லியிருந்தா மாசத்துக்கு ரெண்டாயிரத்து ஐநூறு எடுத்து வெச்சிருப்பேன்ல? கேட்டா, உனக்கு விளக்கிச் சொல்லியாச்சு, சாட்சி கையெழுத்து இருக்குதுன்னு நோட்ட காட்றாரு. பாத்தா உன் கையெழுத்துக்கா."

குளோரியா கண்ணாடியைக் கழற்றினாள்.

"நீதான் சாட்சி. சொல்லு. எனக்கு அன்னிக்கு இன்னா சொன்னாங்கோ?"

குளோரியா யோசித்தாள். எண்பத்தைந்து ஞாபகம் வந்தது, எண்பது ஞாபகம் வந்தது. நாளுக்கு ஐயாயிரம் ஞாபகம் வந்தது. வட்டியைக் கட்டினால்தான் மாற்றி வைக்கலாம் என்று பாலகுமார் சொல்லிக் கேட்டதும் ஞாபகம் வந்தது. ஆனால் யாரிடம் சொன்னார்? கோமளத்திடமா, கொத்தனாரிடமா, ஈஜிபுராவிலிருந்து வந்த ஒரு பாட்டியிடமா? ஏப்ரலிலா, மே மாதத்திலா? எல்லாம் கலந்து குழம்பிப்போய்க் கிடந்தது. ஏழு மாதமாக அத்தனை விதியையும் காதில் வாங்கியவளுக்கு, தேவைப்பட்ட ஒன்று மட்டும் கைக்கு வரவில்லை.

"ஞாபகம் இல்ல கோமளம்" என்றாள். சொன்னபோது அவளுக்கே அவமானமாக இருந்தது.

"ஞாபகம் இல்லாததுக்கு எதுக்குக்கா கையெழுத்து?" என்று கேட்டாள் கோமளம். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டாள்.

குளோரியா கடைக்குத் துணியை இழுத்துப் போட்டுவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். பாலகுமார் நோட்டை எடுத்துக் காட்டினார். தேதி, வியாழக்கிழமை. நேரம், மாலை ஆறு ஐந்து.

ஆறு ஐந்தா? நவநாள் முடிகிற நேரம். அந்த நேரத்தில் ஆயிரம் ரூபாயை நீட்டினாலும் அவள் மாடியில் ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றிருக்க மாட்டாள். ஒரு நிமிஷத்தில் எந்தத் தாளைப் படித்திருக்க முடியும்? கோமளம் அன்றைக்கு உட்கார்ந்திருந்த நாற்காலியையே குளோரியா பார்த்துக்கொண்டு நின்றாள். மெதுவாக ஞாபகம் வந்தது. பாலகுமார் காதில் போன் இருந்தது. புதுசாக அச்சடித்த ஒரு தாள் மேஜைமேல் கிடந்தது, அவர் அதைத் தொடக்கூட இல்லை. கோமளத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"நீங்க 'வழக்கம்போலத்தான்மா'ன்னு சொன்னீங்க சார். அவ சரின்னா. நான் கையெழுத்துப் போட்டேன்."

பாலகுமார் நோட்டை மூடினார்.

"அன்னைக்குக் காலையிலதான் மாத்தி வெக்கிறதுக்கான தாள் வந்துச்சுக்கா" என்றார். "மாத்தி வெச்சாலும் அது புதுக் கடன்தான், இனிமே வட்டியக் கட்டினாத்தான் அடுத்த தடவை மாத்த முடியும்னு போட்டிருந்துது. நான் ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான் படிச்சேன். படிச்சப்ப இவங்க ஞாபகமே வரல. சத்தியமா வேணும்னு பண்ணல."

"இப்ப ஏலத்த நிறுத்துங்க சார்" என்றாள் குளோரியா.

"என் கையில இல்ல. ஹெட் ஆபீஸ் சிஸ்டத்துல ஏறிப்போச்சு." அவர் எழுந்து சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். "அதோ, புகார் நம்பர். நீங்க பண்ணுங்க. நான் என்ன சொன்னேன்னு கேட்டா, நானும் உள்ளதைச் சொல்லிடறேன்."

அவருடைய வேலைக்கு ஆபத்து என்று குளோரியாவுக்கும் தெரிந்தது. ஆனாலும் போன் பண்ணினாள். கன்னடத்துக்கு ஒன்று, தமிழுக்கு மூன்று, புகாருக்கு நாலு என்று அமுக்கி அமுக்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் ஓர் ஆளின் குரல் வந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் வியாழன், மூணரை மணிக்கு ஹெட் ஆபீஸிலிருந்து லாவண்யா வந்தாள். முப்பது வயசு இருக்கும். விதிமுறைகள் சரியாகப் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கிற வேலை. பெரிய லேப்டாப், பெரிய கைப்பை, சோர்ந்த கண். நல்லபடியாகத்தான் பேசினாள். குளோரியாவைக் கேட்டாள், கோமளத்தைக் கேட்டாள், பாலகுமாரைக் கேட்டாள். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். 'வழக்கம்போலத்தான்' என்ற வார்த்தையைப் பாலகுமாரே தன் வாயால் ஒப்புக்கொண்டார்.

லாவண்யா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். "அப்ப ப்ராப்ளம் இல்ல. விளக்கம் குடுக்கலைன்னு சாட்சியே எழுதிக் குடுத்தா, ஏலத்தை நிறுத்தி, வட்டி கட்ட மூணு மாசம் டைம் குடுக்கலாம். ஆனா அஞ்சு மணிக்குள்ள நான் அப்லோட் பண்ணணும். அஞ்சைத் தாண்டினா நாளைக்கு லிஸ்ட் அப்படியே போயிடும்."

அப்போது மணி நாலு இருபது. அவள் படபடவென்று தட்டினாள், பிரிண்டரில் ஒரு தாள் வந்தது. முழுக்க இங்கிலீஷ். கீழே குளோரியா கையெழுத்துக்கு ஓர் இடம், அதற்குக் கீழே சாட்சிக்கு ஓர் இடம்.

"இதுக்கும் சாட்சியா?" என்றாள் குளோரியா.

"ஃபார்மட்ல இருக்கு. கம்பெனி ஸ்டாஃப் போடக் கூடாது." லாவண்யா சுற்றிலும் பார்த்தாள். பாலகுமார் கம்பெனி ஆள், நகை உரசிப் பார்க்கிறவர் கம்பெனி ஆள். பார்வை கோமளத்திடம் வந்து நின்றது. "அம்மா, நீங்க ஒரு கைநாட்டு வெச்சுடுங்க."

மைப்பெட்டி வந்தது. கோமளம் கட்டைவிரலை அதில் அழுத்தி எடுத்தாள். குளோரியா பேனாவைத் திறந்து, தான் போட வேண்டிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, 'கு' என்று போட்டுவிட்டாள்.

"இரு" என்றாள் கோமளம். மை பட்ட விரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இதுல இன்னா எழுதியிருக்குதும்மா?"

"அவங்க சொன்னதுதாம்மா. வழக்கமான ஃபார்மட்தான்."

"வழக்கமா?" கோமளத்தின் குரல் ஏறியது. "வழக்கம்னு சொல்லித்தாம்மா என் சங்கிலி ஏலம் வரைக்கும் போச்சு. படிச்சு, தமிழ்ல சொல்லு."

"அம்மா, விளக்கிச் சொல்லணும்ங்கற ரூல் கடன் வாங்கறவங்களுக்குத்தான். சாட்சிக்கு அப்படி ரூல் இல்ல. டைம் வேற ஆகுது."

"ரூல் இருக்குதோ இல்லியோ, எனக்குத் தெரியாததுக்கு நான் கை வெக்க மாட்டேன். அக்காவுக்கும் தெரியாது. படி."

குளோரியா பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். லாவண்யா கொஞ்சம் எரிச்சலோடு தாளை இழுத்து வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். முதல் வரி குளோரியாவின் பெயர், விலாசம். ரெண்டாவது வரி தேதி, கடன் நம்பர். மூன்றாவது வரிக்கு வந்ததும் அவள் குரல் இறங்கியது.

"கடன் வாங்குபவருக்கு விளக்கம் தரப்படவில்லை என்பதைத் தெரிந்துகொண்டே, கிளைக்கும் கம்பெனிக்கும் தெரியாமல், நான் பொய்யாகக் கையெழுத்துப் போட்டேன். இதனால் வரும் எல்லாச் சட்ட நடவடிக்கைக்கும்..." நிறுத்திவிட்டாள்.

"முழுசாச் சொல்லும்மா" என்றாள் கோமளம்.

"...நானே பொறுப்பு."

கீழே தெருவில் நவநாள் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டது. குளோரியா தான் போட்ட 'கு'வைப் பார்த்தாள். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் முழுப்பேரையும் எழுதியிருப்பாள். அத்தனை பழியையும் தன் தலையில் தானே தூக்கி வைத்துக்கொண்டு, கீழே போய் மெழுகுவர்த்தி விற்றுக்கொண்டிருப்பாள்.

"கிளைக்குத் தெரியாமன்னா எப்படி மேடம்?" என்று பாலகுமார்தான் முதலில் வாயைத் திறந்தார். "அவங்களக் கூப்பிட்டதே நான்தானே?"

"சார், இது லீகல்ல இருந்து வந்த ஃபார்மட்." லாவண்யாவின் முகம் சிவந்துவிட்டது. "போன மாசம் வரைக்கும் இப்படி இல்ல. மாத்திட்டாங்க போல. நான்... படிக்கல. பழசுன்னு நெனச்சுட்டேன்." அவள் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலு முப்பத்தைந்து.

குளோரியா கோமளத்தின் பக்கம் திரும்பினாள். "பரவால்ல, கை வெச்சுடு கோமளம். அஞ்சு அடிச்சா உன் சங்கிலி போயிடும். தப்பு பண்ணவதானே நான். போலீசு கீலீசுன்னு வந்தா பாத்துக்கலாம்." அவள் சும்மா சொல்லவில்லை, மனசாரச் சொன்னாள். கேட்காமல் போட்ட கையெழுத்துக்கு அதுதான் சரியான தண்டனை என்று அவளுக்குத் தோன்றியது.

கோமளம் மை பட்ட விரலை இன்னும் மேலே தூக்கிக்கொண்டாள்.

"என் சங்கிலிக்காக நீ கோர்ட்டுக்குப் போவியா? சங்கிலி போனா போவுது. மாட்டேன்."

"கோமளம், பதினொரு வருஷம் சீட்டுக் கட்டினது!"

"எனக்குத் தெரியாதா? கட்டினவ நான்தான்." கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் விரல் இறங்கவில்லை. "அத மாத்தி எழுதச் சொல்லு. மாத்தி எழுதினா வெக்கிறேன். இல்லாட்டி ஏலம் போவட்டும்."

லாவண்யா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு லேப்டாப்பைப் பக்கத்தில் இழுத்தாள். "வர்றது வரட்டும். உள்ளதை உள்ளபடி எழுதறேன். சார், நீங்களும் ஒரு வரி குடுக்கணும்."

"எழுதுங்க மேடம்" என்றார் பாலகுமார். "அன்னைக்கு வந்த தாளைப் படிக்காம நான்தான் வழக்கம்போலன்னு சொன்னேன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

புதுத் தாள் வரும்போது நாலு நாற்பத்தெட்டு. லாவண்யா முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தமிழில் சொன்னாள். அவசரத்தில் ஓர் இடத்தை விழுங்கினாள், கோமளம் விடவில்லை, மறுபடி சொல்ல வைத்தாள். அந்த மேஜையில் ஒரு தாள் முழுசாகக் குளோரியாவின் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். கூப்பிட்டார்கள், வந்தேன், விளக்கம் எதுவும் கேட்கவில்லை, கேட்டதாகக் கையெழுத்துப் போட்டேன், அது தப்பு. இவ்வளவுதான் இருந்தது. புரிவதற்கு ஒரு கஷ்டமும் இல்லை.

குளோரியா கையெழுத்துப் போட்டாள். பாலகுமார் போட்டார். கோமளத்தின் விரலில் மை காய்ந்துவிட்டிருந்தது. மறுபடியும் தொட்டு, தாளில் அழுத்தினாள். நாலு ஐம்பத்தாறுக்கு லாவண்யா அனுப்பினாள். திரையில் சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றது. நாளைய ஏலப் பட்டியலில் கோமளத்தின் பெயர் இல்லை.

கோமளம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, முந்தானையால் விரலைத் துடைத்தாள். குளோரியா அவள் பக்கத்தில் போய் நின்றாள். கடையில் கூட்டம் நிற்கும் என்று தெரிந்தும் இறங்கிப் போகவில்லை.

"இன்னைக்கு நீ எனக்குக் கேட்டியே, அன்னைக்கு நான் உனக்கு இப்படிக் கேட்டிருக்கணும்" என்றாள். அதற்கு மேல் தாங்காமல் அழுதுவிட்டாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலியே, பாவி."

கோமளம் விரலில் ஒட்டிய மையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும்தான் அன்னிக்கு ஒரு மாதிரி இருந்துச்சு" என்றாள் கடைசியில். "கேக்கலாம்னு வாயத் தொறந்தேன். அப்புறம் உன்னப் பாத்தேன். படிச்சவ நிக்குது, தப்பு இருந்தா அக்கா கேக்காமலா இருக்கும்னு நெனச்சுக்கினு சரின்னுட்டேன்."